பசைக்கு முன் பல்: அடைப்புகள் ஏன் பெயர்கின்றன?

பல் நிறத்தில் போட்ட அடைப்பு ஒரு வருடம்கூடத் தாங்காமல் பெயர்ந்து வந்தால், பழி முதலில் மருந்தின் மேல் விழுகிறது. மலிவான சரக்கைப் போட்டுவிட்டார் என்று நோயாளி நினைக்கிறார். முறுக்கையோ எலும்பையோ கடித்திருப்பார் என்று மருத்துவர் நினைக்கிறார். இரண்டும் சில நேரம் உண்மைதான். ஆனால் அடைப்பை ஒட்டும் பசை பல்லைத் தொட்ட நேரத்தில் பல்லின் மேல் வேறென்ன இருந்தது என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்புவது அபூர்வம். கடந்த எழுபது ஆண்டுகளில் பல் மருத்துவப் பசைகள் பலமுறை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றமும் வேலையை எளிதாக்குவதாகச் சொல்லித்தான் வந்தது. பசை எளிதாக எளிதாக, அதற்கு முன்னால் பல்லைத் துடைக்கும் வேலை மட்டும் கறாராகிக்கொண்டே போயிருக்கிறது.

பழைய வெள்ளி அடைப்புக்கு இந்தக் கவலை கிடையாது. பாதரசமும் வெள்ளியும் கலந்த அமால்கம் பல்லோடு ஒட்டுவதே இல்லை. வாய் குறுகி அடி அகன்ற குழியாகப் பல்லைக் குடைந்து, அதற்குள் உலோகத்தைத் திணித்துவிட்டால், இறுகிய பின் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். குழியின் வடிவம்தான் பிடிப்பு. அந்த வடிவத்துக்காகச் சொத்தையில்லாத நல்ல பல்லையும் சேர்த்து இழக்க வேண்டியிருந்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதில் இணைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், சில மருத்துவ விதிவிலக்குகள் தவிர, அமால்கம் அடைப்புகளை நிறுத்திவிட்டது. நம் ஊர்களிலும் பல் நிறத்து அடைப்பே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. காம்போசிட் எனப்படும் அந்த ரெசின் (இறுகும் பிளாஸ்டிக் பிசின்) அடைப்புக்குப் பிடிப்பைத் தருவது ஒட்டுதல் மட்டுமே. ஒட்டுதல் போனால் அடைப்பும் போயிற்று.

பல்லில் ஒன்றை ஒட்ட வைக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய மைக்கேல் புவனோகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைக் கழுவ வேண்டும் என்பது அப்போது தொழிற்சாலைகளில் தெரிந்த சங்கதி. அதே அமிலத்தை 85% அடர்த்தியில் பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலின் மேல் அரை நிமிடம் வைத்துப் பார்த்தார். கழுவி உலர்த்திய பின் அக்ரிலிக் ரெசின் அதில் முன்பைவிடப் பல மடங்கு உறுதியாக ஒட்டியது. 1955இல் வெளியான அந்தச் சிறு கட்டுரையை உலகம் கவனிக்கச் சில காலம் ஆயிற்று. பிறகு கடைவாய்ப் பல் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட், பல்லை வரிசைப்படுத்தும் க்ளிப், பல் நிறத்து அடைப்பு, பீங்கான் ஒட்டு என எல்லாமே அதன் மேல் எழுந்தன. இன்று அமிலத்தின் அடர்த்தி 37% அளவுக்குக் குறைந்திருக்கிறது, தத்துவம் மாறவில்லை.

அமிலம் அங்கே என்ன செய்கிறது? எனாமல் எடையில் சுமார் 96% கனிமம். அதன் நுண்கம்பிகளின் தலைப்பகுதியை அமிலம் சமமில்லாமல் கரைக்கிறது. சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்துக்கு ஆயிரக்கணக்கான குழிவுகள் உண்டாகின்றன. நீர்போல் இளகிய ரெசின் அவற்றுக்குள் இறங்கி, ஒளியில் இறுகி, வேர்விட்டதுபோல் மாட்டிக்கொள்கிறது. வடிவத்தால் பிடிக்கும் பழைய வித்தைதான் இதுவும். குழி மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. குழி சிறுத்த பிறகு அதை அடைத்துக்கொள்ள ஒரு மெல்லிய அழுக்குப் படலமே போதும்.

வாயில் அப்படிப் படலங்களுக்குப் பஞ்சமே இல்லை. பளபளவென்று தேய்த்து முடித்த பல்லின் மேல் சில நிமிடங்களுக்குள் எச்சிலில் உள்ள புரதங்கள் படிந்து ஒரு தோல் உருவாகிவிடும். அதன் மேல் நுண்ணுயிரிகள் குடியேறிப் பற்படலம் வளரும். அது கனிமம் ஏறி இறுகினால் காரை. இடையில் தேநீர், புகையிலை, வெற்றிலைப் பாக்கின் கறை. இவற்றில் அமிலத்தால் கரையக்கூடியது கனிமம்தான். புரதத்தையும் எண்ணெயையும் அது பெரிதாக அசைப்பதில்லை. எண்ணெய் வழியும் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்காததற்குப் பொட்டின் பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கேதான் பல் மருத்துவர்களிடையே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் எரிமலை நுரைக்கல் தூளான பியூமிஸைத் தண்ணீரில் குழைத்து, ரப்பர் கிண்ணத்தில் வைத்துப் பல்லைத் தேய்க்க வேண்டும் என்பது கல்லூரிப் பாடம். அந்தத் தேய்ப்பு உண்மையிலேயே அவசியமா என்று கேட்ட ஆய்வாளர்கள் பலர். சீலன்ட் வைக்குமுன் சாதாரண பிரஷ்ஷால் துலக்கினாலே, இயந்திரத்தால் தேய்த்ததற்கு ஈடாக அது நிற்கிறது என்று ஒப்பீடுகள் காட்டின. க்ளிப் ஒட்டுவதிலும், பாஸ்பாரிக் அமிலம் வைத்துக் கழுவும் பட்சத்தில், பியூமிஸ் போட்டதற்கும் போடாததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நேரமில்லாத மருத்துவர்களுக்கு இது நல்ல செய்தி. தேய்ப்பதை விட்டுவிடலாம் என்ற முடிவு பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த ஆய்வுகளில் பாதுகாப்பாக நின்றது ஒரு முரட்டு அமிலம். பாஸ்பாரிக் ஜெல்லின் பிஎச் 1க்கும் கீழே. அது எனாமலின் மேல்தளத்தையே சில மைக்ரான் அரித்து எடுத்துவிடுவதால், மேலே மெல்லியதாக ஒட்டியிருந்ததும் காலடி மண் சரிந்து கூடவே போய்விடுகிறது. பிறகு தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துச் செல்கிறது. தடித்த பற்படலமாக இருந்தால் அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. அமிலம் கழுவி உலர்த்திய எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெண்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் பளபளப்பான திட்டு இருந்தால் அங்கே அமிலம் தொடவில்லை என்று பொருள். அனுபவமுள்ளவர்கள் அந்தத் திட்டைத் தேடிப் பார்க்கிறார்கள்.

தானாகவே அரிக்கும் பசைகள் வந்தபோது கணக்கு மாறியது. இவற்றில் தனி அமிலம் இல்லை, கழுவுதலும் இல்லை. பசைக்குள்ளேயே அமிலத் தன்மையுள்ள மூலக்கூறு இருக்கிறது. பூசி, ஊதி, ஒளி காட்டினால் முடிந்தது. ஜப்பானின் குராரே நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய 10-எம்டிபி என்ற மூலக்கூறு இவற்றில் புகழ் பெற்றது. அது பல்லின் கால்சியத்தோடு வேதியியல் முறையிலேயே பிணைகிறது. இந்த வகையில் மென்மையானவற்றின் பிஎச் 2ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எனாமலை மெதுவாகவே அரிக்கும். கழுவுதல் இல்லாததால், மேலே என்ன படிந்திருந்ததோ அது பசையோடு கலந்து அங்கேயே இறுகிவிடும். இவ்வகைப் பசையால் க்ளிப் ஒட்டிய ஆய்வுகளில் பியூமிஸ் தேய்க்காத பற்களில் க்ளிப்புகள் அதிகமாகப் பெயர்ந்தன. முரட்டு அமிலம் இருந்த காலத்தில் கிடைத்த விடையை, மென்மையான பசையின் காலத்துக்கு அப்படியே எடுத்துவந்தது செல்லுபடியாகவில்லை. ஒரு படியில் முடிகிறது என்று விளம்பரப்படுத்தப்படும் பசைக்கு முன்னால் உண்மையில் ஒரு படி கூடியிருக்கிறது. டப்பாவின் மேல் அது பெரிய எழுத்தில் அச்சாவதில்லை.

எதை வைத்துத் தேய்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பல் சுத்தம் செய்தபின் மெருகூட்டப் பயன்படும் வாசனைப் பேஸ்டுகளில் கிளிசரினும் சுவையூட்டும் எண்ணெயும் இருக்கும். அவை விட்டுச்செல்லும் வழுவழுப்பு ஒட்டுதலுக்கு உதவாது. வெறும் பியூமிஸும் தண்ணீரும் என்ற பழைய பாடத்தின் நியாயம் இதுதான். காற்றோடு தூளை வீசிக் கறை எடுக்கும் கருவிகளில் சோடா உப்பை வீசினால், காரத்தன்மையுள்ள அதன் எச்சம் மென் அமிலப் பசைக்கு இடைஞ்சல். நன்றாகக் கழுவியாக வேண்டும். கிளைசின், எரித்ரிட்டால் போன்ற மென்மையான தூள்கள் பற்படலத்தை மட்டும் எடுக்க ஏற்றவை. இறுகிய பழைய பசையையோ சிமெண்டையோ எடுக்க வேண்டுமானால் 27 முதல் 50 மைக்ரான் அளவுள்ள அலுமினியம் ஆக்சைடு துகள்களை வீசுகிறார்கள். அது சுத்தம் செய்வதோடு சொரசொரப்பையும் தருகிறது. தூள் எதுவானாலும், அதை வீசும் காற்றில் கம்ப்ரஸரின் எண்ணெய் கலந்திருந்தால் எல்லா உழைப்பும் வீண். கண்ணாடித் துண்டின் மேல் காற்றை ஊதி, எண்ணெய்ப் படலம் விழுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

இதுவரை சொன்னது எனாமலைப் பற்றி. அதற்கு அடியில் உள்ள டென்டினில் நிலைமை இன்னும் சிக்கல். டென்டினில் கனிமம் எடையில் சுமார் 70% மட்டுமே. மீதி கொலாஜன் என்ற புரத நாரும் நீரும். பல்லின் உயிர்ப்பகுதியை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் அதில் நிறைந்திருக்கின்றன. உள்ளே போகப் போக ஒரு சதுர மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். அதனால் டென்டின் எப்போதும் உள்ளிருந்து ஈரம் கசியும் பரப்பு. பல்லைக் குடையும்போது உண்டாகும் தூளும் நாரும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் அப்பிக்கொள்கின்றன. மருத்துவர்கள் இதை ஸ்மியர் படலம் என்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் இது போகாது. குடையும் கருவி தானே உண்டாக்கும் அழுக்கு இது என்பதால், வெளியழுக்கைத் துடைப்பதோடு வேலை முடிவதில்லை.

இந்தப் படலத்தை வைத்துக்கொள்வதா, எடுப்பதா என்பதில் நீண்ட காலம் கருத்து வேறுபாடு இருந்தது. டென்டினில் அமிலம் பட்டால் பல்லின் உயிர் போய்விடும் என்று மேற்கத்திய மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஜப்பானின் ஃபுசாயாமா 1970களின் இறுதியில் எனாமல், டென்டின் இரண்டுக்குமே அமிலம் வைக்கலாம் என்று துணிந்தார். 1982இல் அதே நாட்டு ஆய்வாளர் நகபயாஷி, கனிமம் நீங்கிய கொலாஜன் நார்களுக்குள் ரெசின் புகுந்து இறுகுவதால் உண்டாகும் கலப்புப் படலத்தை விவரித்தார். இன்றைய டென்டின் ஒட்டுதலின் அடித்தளம் அதுதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான் கான்கா, அமிலம் கழுவிய டென்டினை முற்றிலும் உலர்த்திவிடக் கூடாது, சற்று ஈரமாக விட வேண்டும் என்று காட்டினார். உலர்ந்தால் கொலாஜன் நார்கள் படுத்துவிடும், ரெசின் உள்ளே நுழையாது. அதிக ஈரமும் ஆகாது. சுத்தமான எனாமலும் சுத்தமான டென்டினும் ஒரே குழிக்குள் அடுத்தடுத்து இருந்தும், ஒன்றுக்கு உலர்ந்த பரப்பு, மற்றதற்கு ஈரப் பரப்பு. தானாக அரிக்கும் பசைகள் இந்த ஈரத் தலைவலியைக் குறைத்ததை மறுக்க முடியாது. அவை ஸ்மியர் படலத்தைக் கழுவாமல் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றன. மொண்ணையான கருவியால் தடித்த படலம் உண்டாகியிருந்தால் அங்கேயும் பிடிப்பு தளர்கிறது.

குழியைக் குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைப்பதும் பல இடங்களில் வழக்கம். கிருமியைக் கொல்வது ஒரு காரணம். டென்டினுக்குள் உறங்கும் சில நொதிகள் அமிலத்தால் விழித்துக்கொண்டு கொலாஜனை மெல்ல அரிக்கின்றன என்றும், 2% குளோர்ஹெக்சிடின் அதைத் தடுக்கிறது என்றும் ஆய்வகங்களில் கண்டது இன்னொரு காரணம். நோயாளிகளின் வாயில் அதே அளவு பலன் தெளிவாகத் தெரியவில்லை. தீங்கில்லை என்பதால் தொடர்கிறார்கள்.

எல்லாவற்றிலும் சோதனையான கட்டம் கேப் ஒட்டும் நாள். பல்லைச் செதுக்கி அளவெடுத்த பின், ஆய்வகத்திலிருந்து கேப் வரும்வரை தற்காலிக உறையைத் தற்காலிக சிமெண்டால் ஒட்டி அனுப்புகிறார்கள். அடுத்த முறை வரும்போது அந்த உறை கழன்று வரும். சிமெண்ட் முழுதாகக் கழன்று வராது. டென்டினின் நுண்குழாய் வாய்களிலும் ஓரத்திலும் மெல்லிய திட்டாக அப்பியிருக்கும். சிமெண்ட் பல்லின் நிறத்திலேயே இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. ஆய்வுக் கருவியின் முனையால் சுரண்டினால் பரப்பு சுத்தமானதுபோல் தோன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் மிச்சம் இருக்கும்.

அந்தச் சிமெண்டில் யூஜெனால் இருந்தால் சங்கடம் இரட்டிப்பு. யூஜெனால் நமக்குப் பழக்கமான பொருள்தான். பல்வலிக்குப் பாட்டி வைக்கச் சொல்லும் கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி அது. துத்தநாக ஆக்சைடோடு கலந்தால் இறுகி, பல்லுக்கு இதமான சிமெண்டாகிறது. ஆனால் ரெசின் இறுகுவதற்குத் தேவையான ஃப்ரீ ரேடிக்கல் என்ற துடிப்பான மூலக்கூறு துண்டுகளை யூஜெனால் பிடித்து முடக்கிவிடும். அது ஊறிய டென்டினில் ரெசின் சரியாக இறுகாது. அமிலம் வைத்துக் கழுவும் முறையில் மேல்தளம் நீங்கிவிடுவதால் பாதிப்பு குறைவு. கழுவாத பசையில் அதிகம். எனவே ரெசினால் ஒட்டப்போகும் கேப்புக்கு முன் யூஜெனால் இல்லாத தற்காலிக சிமெண்டைப் பயன்படுத்துவதே சரி. அப்படிப் பயன்படுத்தினாலும் பியூமிஸோ அலுமினியம் ஆக்சைடு வீச்சோ இல்லாமல் பரப்பு தயாராவதில்லை. இந்தத் தொல்லையிலிருந்து தப்பப் பல் மருத்துவ ஆய்வாளர் பாஸ்கல் மான்யே 2000களில் வலியுறுத்திய வழி, பல்லைச் செதுக்கிய அன்றே, எந்த அழுக்கும் படுமுன், புதிதாக வெட்டிய டென்டினைப் பசையால் மூடிவிடுவது. பிறகு சுத்தம் செய்ய வேண்டியது ரெசின் பரப்பை மட்டுமே. நார்களுக்குள் இறங்கும் முக்கியமான வேலை முன்பே முடிந்திருக்கும்.

சுத்தப்படுத்தும் பொருளே அழுக்காக மாறும் சந்தர்ப்பங்களும் உண்டு. ரூட் கேனால் செய்யும்போது உள்ளே கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமியைக் கொல்வதில் கெட்டி. ஆனால் அது ஆக்சிஜனேற்றி. அதில் ஊறிய டென்டினில் பல வகை ரெசின்கள் அரைகுறையாகவே இறுகும். அஸ்கார்பிக் அமிலத்தின் உப்பால் கழுவினால் ஒட்டுதல் மீள்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல்லை வெண்மையாக்கும் பெராக்சைடும் இதே கதைதான். அதனால்தான் வெண்மையாக்கிய பின் இரண்டு வாரம் கழித்து அடைப்புக்கு வரச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் ஆக்சிஜன் எச்சம் தானாக வெளியேறிவிடும். திருமணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வெண்மையாக்குதலும் முன்பல் அடைப்பும் ஒன்றாகக் கேட்பவர்களுக்கு மருத்துவர் தயங்குவதன் காரணம் இது. ஈறில் ரத்தத்தை நிறுத்த வைக்கும் அலுமினியம் குளோரைடு, ஃபெரிக் சல்பேட் ஆகியவையும் பல்லில் படிந்தால் ஒட்டுதலைக் கெடுக்கும்.

இனி எச்சில். அமிலம் கழுவி வெண்மையான பரப்பில் ஒரு துளி எச்சில் பட்டால், திறந்திருந்த குழிவுகளில் புரதம் உட்கார்ந்துவிடும். வெறும் காற்றை ஊதி உலர்த்துவது அதை அங்கேயே ஒட்டவைப்பதற்குச் சமம். எனாமலாக இருந்தால் கழுவி, மீண்டும் சில நொடி அமிலம் வைத்துத் தொடங்கலாம். டென்டினில் அமிலத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் ரெசின் எட்டாத ஆழத்துக்கு நார் வெறுமையாகிவிடும். வராமல் தடுப்பதே மேல். பல்லை மட்டும் வெளியே நீட்டவைத்து வாயை மூடும் ரப்பர் விரிப்பை 1864இல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். அதைப் போட நேரமில்லை, நோயாளிக்குப் பிடிக்காது என்ற சாக்கும் ஏறக்குறைய அதே வயதுடையதாக இருக்கும்.

பல் பக்கம் இவ்வளவு செய்தாலும், கேப்பின் உட்பக்கம் என்று இன்னொரு பரப்பு இருக்கிறது. வாயில் பொருத்திப் பார்க்கும்போது அதிலும் எச்சில் படுகிறது. கண்ணாடி வகைப் பீங்கானைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்துவிடலாம். இன்று எங்கும் புழங்கும் சிர்கோனியா என்ற உறுதியான பீங்கானுக்கு அந்த வழி கூடாது. எச்சிலில் உள்ள பாஸ்பேட் சிர்கோனியாவோடு வலுவாகப் பிணைந்துகொள்ளும். பசையிலுள்ள 10-எம்டிபி உட்கார வேண்டிய இடமும் அதுதான். பாஸ்பாரிக் அமிலத்தால் துடைத்தால் மேலும் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து கொட்டியதாகும். அலுமினியம் ஆக்சைடு வீச்சோ, இதற்கென வரும் துப்புரவுப் பசையோதான் சரி. பல்லில் நன்மை செய்யும் அமிலம் அரை அங்குலம் தள்ளியிருக்கும் கேப்பில் கெடுதல் செய்கிறது. தனித்தனிப் பரப்புக்குத் தனித்தனிச் சுத்தம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கென ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே அந்தப் பாதிப்பைத் தணிக்கத்தான். சிறுவயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் எனாமலின் வெளிப்பகுதி அமிலத்துக்கு எளிதில் மசியாது; அதற்கு அடியில் நுண்துளைகள் நிறைந்திருக்கும். வழக்கமான நேரம் அமிலம் வைத்தால் வெண்மை சீராக வராது. பழுப்புத் திட்டுகளை மறைக்க முன்பற்களில் ஒட்டும் மெல்லிய பூச்சுகள் பெயர இது ஒரு காரணம். மேல்தளத்தை லேசாகத் தேய்த்தெடுத்தோ துகள் வீசியோ, பிறகு அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோ சமாளிக்க வேண்டும். மென்மையான பசையை மட்டும் நம்புவது இந்தப் பற்களில் துணிச்சல்.

பெயர்ந்த கேப்பைக் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது. உட்புறத்தில் சிமெண்ட் முழுவதும் படிந்து, பல் வெறுமையாக இருந்தால் பிடிப்பு விட்டது பல்லின் பக்கம். சிமெண்ட் பல்லிலேயே நின்று, கேப் வழித்தெடுத்ததுபோல் வந்திருந்தால் கேப்பின் உட்பக்கத்தைத் தயார் செய்ததில் குறை. இரண்டிலும் பாதி பாதி இருந்தால் சிமெண்டே நடுவில் உடைந்திருக்கிறது. மறுபடி ஒட்டுமுன் எந்தப் பக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்பதை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.